தீயில் போன மாட்டுக்கு அரசு என்ன விலை போடுகிறது?

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: “அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரைப் போட்டுத் தேடினால், அங்குள்ள பண்ணைகளுக்கும் மாட்டு ராஞ்சுகளுக்கும் பேரிடர் உதவியாக அரசு கொடுத்த தொகை அட்டவணையாக வருகிறது. மூவாயிரம் பேர் இருக்கிற கவுண்டிக்குக்கூட மில்லியன் கணக்கில் டாலர் காட்டுகிறது. 2024-இல் டெக்சஸ் தீயில் மாடுகளை இழந்தவர்களுக்கும் இப்படித்தான் அள்ளிக் கொடுத்தார்களா? இந்தப் பணம் யார் கையிலிருந்து, எந்தக் கணக்கில், யாருக்குப் போகிறது?”

டெக்சஸின் வடகோடியில், அமரில்லோவில், பண்ணைகளின் கணக்கு வழக்கும் வருமான வரியும் பார்க்கிறவன் நான். அந்தத் தீக்குப் பிறகு வந்த இரண்டு வருடமும் என் மேசையில் பாதி இடத்தை இந்த விண்ணப்பங்கள்தான் பிடித்திருந்தன. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அளந்துதான் கொடுத்தார்கள். ஆனால் அளக்கிற படி திட்டத்துக்குத் திட்டம் வேறு. செத்த மாட்டுக்கு ஒரு படி, எரிந்த புல்லுக்கு ஒரு படி, கருகிய வேலிக்கு ஒரு படி, மழை பெய்யாத வருடத்துக்கு இன்னொரு படி. நீங்கள் அட்டவணையில் பார்ப்பது இவை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிய கூட்டுத்தொகை. அதை வைத்து யார் எவ்வளவு இழந்தார், யாருக்கு எவ்வளவு திரும்பியது என்று சொல்லவே முடியாது.

முதலில் தீயைப் பற்றி. 2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுண்டியில் ஸ்டின்னட் ஊருக்குப் பக்கத்தில் பற்றியது. ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ என்று பெயர். மறுநாள் மேற்குக் காற்று அதை ராபர்ட்ஸ், ஹெம்பில் கவுண்டிகள் வழியாக ஓக்லஹோமா எல்லை தாண்டித் தள்ளிக்கொண்டு போனது. அன்று மாலை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியதும், அதுவரை கிழக்கே நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் தெற்கே பார்த்த முகமாக மாறிவிட்டது. மொத்தம் 10.58 லட்சம் ஏக்கர். டெக்சஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய தீ கிடையாது. அதற்கு முன் பெரியது 2006 மார்ச் மாதம் இதே வட்டாரத்தில் 9 லட்சம் ஏக்கரைத் தின்று 12 உயிரையும் கொண்டுபோன தீ. இந்த முறை மாடுகள் ஆயிரக்கணக்கில் போயின. வட்டாரத்தின் விவசாய இழப்பு 12.3 கோடி டாலர் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கத் துறை முதற்கட்டமாகக் கணக்கிட்டது.

ஹெம்பில் கவுண்டியின் தலையூர் பெயர் கனேடியன். கனடாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் அது. கவுண்டி முழுக்கச் சேர்த்து 3,400 பேர்கூட இல்லை. ஆனால் கண்ணுக்கு எட்டும் வரை மேய்ச்சல் நிலம். பணம் வந்து சேரும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம்.

பேரிடர் என்றதும் எல்லோரும் ஃபீமா என்ற மத்திய நிறுவனத்தை நினைப்பார்கள். அவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், சாலையைப் பார்ப்பார்கள். செத்த மாட்டுக்குப் பணம் தருவது அவர்கள் வேலையில்லை. தீ பற்றிய மறுநாள் டெக்சஸ் ஆளுநர் 60 கவுண்டிகளில் பேரிடர் அறிவித்தார். அதனால் தீயணைப்புக்கு ஆளும் வண்டியும் வந்தன, ராஞ்சுக்காரரின் வங்கிக் கணக்கில் எதுவும் ஏறவில்லை. மாடு, புல், வேலி மூன்றுக்கும் பணம் தருவது மத்திய விவசாயத் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை நிறுவனம். கவுண்டிகளில் அதற்கு அலுவலகம் உண்டு. அலுவலருக்கு மேலே அந்த வட்டார விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்கிறது. மூன்று பேர் முதல் பதினொரு பேர் வரை. உன் விண்ணப்பத்தை ஏற்பதா, திருப்புவதா என்று கையெழுத்திடுவது அந்தக் குழு. அதாவது, உன் மாடு எத்தனை என்று ஓரளவு தெரிந்த பக்கத்துக்காரர். இந்த ஏற்பாட்டைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. பொய்க்கணக்கு எழுதுவதை இது தடுக்கும் அளவுக்கு வேறு எதுவும் தடுக்காது என்பது என் அனுபவம்.

இப்போது செத்த மாட்டுக்கு வருவோம். இதற்கான திட்டத்தை இங்கே எல்ஐபி என்பார்கள், கால்நடை இழப்பீட்டுத் திட்டம். வழக்கமாகச் சாகிற எண்ணிக்கைக்கு மேல் எத்தனை செத்ததோ அத்தனைக்கும், அந்த வகை மாட்டின் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தரும். கேட்கும்போது தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 300 தாய் மாடு வைத்திருக்கிறார் ஒருவர். தீயில் 90 போய்விட்டது. வழக்கமான சாவு வருடத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தால் 6 மாடு கழியும், மிச்சம் 84. அரசு வைத்த சராசரி விலை 1,600 டாலர் என்றால் முக்கால் பங்கு 1,200. ஆக 1,00,800 டாலர். அதே 90 இடத்தையும் நிரப்பச் சினைக் கிடேரி ஒன்று 2,500 டாலருக்கு வாங்கினால் 2,25,000 டாலர் வேண்டும். பாதிகூடத் தேறவில்லை.

அந்தக் கிடேரி விலையை நான் கூட்டிச் சொல்லவில்லை. 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் இருந்த மொத்த மாடுகள் 8.72 கோடி, 1951-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. பல வருட வறட்சியில் எல்லோரும் தாய் மாட்டை விற்றுவிட்டிருந்தார்கள். மாடு கிடைக்காத காலத்தில் மாட்டை இழந்தவர்கள் இவர்கள். அரசு போடும் விலை நாடு முழுவதற்கும் ஒன்று. எடை வாரியாகவும் வகை வாரியாகவும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த மந்தையின் மாட்டுக்கும், போன மாதம் ஏலத்தில் பிடித்த மாட்டுக்கும் அந்தப் பட்டியலில் ஒரே வரி. அந்த நிலத்தில் எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும், பனிக்காற்று வந்தால் எந்தப் பள்ளத்தில் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்த கிழட்டு மாடு ஒன்று மந்தையை நடத்தும். வெளியிலிருந்து வாங்கி வரும் மாட்டுக்கு அதைக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் ஆகும். அதற்குப் பட்டியலில் இடமில்லை.

அடுத்தது, நிரூபிப்பது. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணம் கிடைப்பதும் போவதும் இங்கேதான். தீ அடங்கி ஒரு வாரத்துக்குள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இந்த ஊர் மாட்டுக்காரர்கள் கன்று ஈன்ற கணக்கை எழுதிக்கொள்ளும் நோட்டு அது. ஓரமெல்லாம் வியர்வையில் ஊறி அலைபோல நெளிந்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் தாயின் காதுவில்லை எண், ஈன்ற தேதி, கன்று காளையா கிடேரியா என்று பென்சிலில். பிப்ரவரி 26 வரை எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தேதி கிடையாது, வெறும் எண்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. “காதுவில்லை உருகிவிட்டது. மடியைப் பார்த்தும் கொம்புத் தழும்பைப் பார்த்தும் அடையாளம் சொன்னேன்” என்றார். தொலைபேசியில் நாற்பது ஐம்பது படங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிடம் பார்த்து எண்ணைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு இடத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

அந்த நோட்டு இல்லாவிட்டால் அவர் விண்ணப்பம் நின்றிருக்காது. அலுவலகம் இரண்டு எண்ணைக் கேட்கும்: தீக்கு முந்தின நாள் எத்தனை இருந்தது, இப்போது எத்தனை இல்லை. முந்தின நாள் கணக்குக்கு வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் சினை பார்த்த தாள், தடுப்பூசி பில், வங்கிக் கடனுக்குக் கொடுத்த மந்தைக் கணக்கு, ஏலச் சீட்டு எதுவும் ஆகும். இறந்ததற்குத் தேதியோடு படம், பிணத்தை ஏற்றிப்போன வண்டியின் சீட்டு, இல்லையென்றால் கண்ணால் பார்த்த மூன்றாம் ஆளின் கையெழுத்து. பல பேர் பதற்றத்தில், நாற்றம் தாங்காமல், குழி வெட்டி முதல் நாளே தள்ளி மூடிவிட்டார்கள். படம் எடுக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதைத்த மாட்டைத் திரும்பத் தோண்டியா எண்ண முடியும்?

இறக்காத மாட்டின் கதை இன்னும் கொடுமை. தீ மேலே ஓடிப்போனபின் நின்றுகொண்டிருக்கும். நான்கைந்து நாள் கழித்துக் குளம்பு கழன்று வரும். மடிக்காம்பு கருகியிருந்தால் கன்றைப் பக்கத்தில் விடாது, கன்று பட்டினியில் போகும். நுரையீரலில் புகை ஏறியது ஒரு மாதம் கழித்துத் தெரியும். இப்படிக் காயப்பட்டதை அடிமாட்டு விலைக்கு விற்றாலும் இழப்பீடு உண்டு. முக்கால் பங்கு விலையில் விற்ற தொகை கழியும். 2018 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டத்தில் வந்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடு. இது தெரியாமல் விற்றுவிட்டு விற்ற சீட்டைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி கடைசி என்றால் இங்கே ஈற்றுக்காலம். செத்த மாடுகளில் பாதிக்கு மேல் நிறைசினை. 2024-இல் சட்டப்படி வயிற்றுக் கன்றுக்கு விலை கிடையாது. பிறந்து ஒரு மணி நேரம் உயிரோடு இருந்த கன்றுக்கு உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் இதை மாற்றினார்கள். சினையோடு இறந்த பசுவுக்கு, மிகக் குறைந்த எடைக் கன்றின் விகிதத்தில் 85 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 2024 ஜனவரி 1 முதல் நடந்த இழப்புக்கெல்லாம் பின்தேதியிட்டு இது பொருந்தும் என்றும் எழுதினார்கள். ஆக ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீக்காரர்களும் அதில் வந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது சிவப்பு நோட்டுக்காரரைத்தான். கால்நடை மருத்துவர் நவம்பரில் சினை பார்த்துக் கொடுத்த தாள் அவரிடம் இருந்தது.

இனி புல். இங்கே ஒரு வினோதம் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மேய்ச்சல் நட்டத்துக்கான பெரிய திட்டம் எல்எஃப்பி. அதன் சட்ட வரி தீயைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் மத்திய அரசு நிர்வகிக்கும் நிலத்தில் மேய்க்க உரிமம் பெற்று, தீயால் அங்கே மேய்க்கக் கூடாது என்று தடுக்கப்பட்டால் மட்டும். மேற்கு மலை மாநிலங்களில் அப்படி நிலம் ஏராளம். டெக்சஸில் நிலம் ஏறக்குறைய எல்லாமே தனியாருடையது. ஆகவே பத்து லட்சம் ஏக்கர் எரிந்தும், அந்தத் தீயைக் காட்டி எல்எஃப்பியில் ஒரு டாலர் வாங்க முடியாது. சொந்த நிலப் புல் எரிந்ததற்கு இலாப் என்கிற வேறொரு சின்னத் திட்டத்துக்குப் போக வேண்டும். மற்ற திட்டங்களில் அடங்காததை எல்லாம் அள்ளிப் போடுகிற கூடை அது. எரிந்த மேய்ச்சல், கொட்டகையோடு எரிந்த புல் உருண்டைகள், வழக்கத்துக்கு மேல் வாங்கிய தீவனம், தேனீப் பெட்டிகள்கூட அதில் வரும். தீ முடிந்த வாரம் எத்தனையோ மாநிலங்களிலிருந்து லாரி லாரியாகப் புல் உருண்டை நன்கொடையாக வந்து இறங்கியது, அந்தக் காட்சியை மறக்க முடியாது. ஆனால் இலாப் விண்ணப்பத்தில் காசு கொடுத்து வாங்கிய தீவனத்துக்குத்தான் ரசீது கேட்பார்கள். நன்கொடைக்கு ரசீது கிடையாது.

வேலி. மாட்டைவிட வேலிதான் நிறைய பேரைக் கடனில் தள்ளியது என்று சொல்வேன். ஐந்து வரி முள்கம்பி, நடுவில் இரும்பு முளை, மூலைக்கு மரத்தூண். மரத்தூண் எரிந்துவிடும். இரும்பு முளை நிற்கும். கம்பியும் நிற்பதுபோலத்தான் தெரியும். தீயில் வெந்த கம்பியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். பழைய கம்பி முறுக்கித் திமிறும், இது காய்ந்த குச்சிபோலப் பொட்டென்று முறியும். துத்தநாகப் பூச்சு போய்விட்டதால் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். ஆக நிற்கிற வேலியையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். என் வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த விலைப்புள்ளிகளில் மைலுக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. பெரிய ராஞ்சில் இருபது முப்பது மைல் சாதாரணம்.

இதற்கு அவசர நிலப்பாதுகாப்புத் திட்டம், இசிபி. செலவில் 75 சதவீதம் வரை அரசு ஏற்கும். புதிதாகப் பண்ணை தொடங்கியவர், வசதி குறைந்தவர் என்றால் 90 வரை. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. வேலிக்கு நான்கில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கலாம், 60 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். மிச்சம் வேலை முடிந்து அளந்து பார்த்த பிறகு. சிக்கல் எங்கே என்றால், விண்ணப்பம் போட்டு, அலுவலர் இடத்தைப் பார்த்து, சுற்றுச்சூழல் அனுமதி எழுதி முடிப்பதற்குள் வேலையைத் தொடங்கினால் பணம் நிற்கும் அபாயம் உண்டு. பிழைத்த மாடு நெடுஞ்சாலையில் நிற்கிறது. ராத்திரி லாரி வருகிறது. எந்த மனிதன் காகிதத்துக்காகக் காத்திருப்பான்? என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்னது: சாலையோர வேலியை உடனே இழு, ஆனால் இழுப்பதற்கு முன் அலுவலகத்துக்கு ஒரு போன், ஒரு மின்னஞ்சல், நான்கு படம், பதில் வராவிட்டாலும் நீ சொன்னதற்கு ஒரு தேதி இருக்கட்டும். இந்தத் திட்டத்துக்கு நிலையான பணப்பெட்டியும் கிடையாது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்கினால்தான் உண்டு. தீர்ந்தால் வரிசையில் நில்.

மாநில அரசின் பங்கு இதில் மிகக் குறைவு. டெக்சஸ் விவசாயத் துறையில் ஸ்டார் என்று ஒரு நிதி இருக்கிறது, வேலிக்கும் தீவனத்துக்கும் உதவியது. பெயர் அரசாங்கப் பெயர், பணம் முழுவதும் தனியார் நன்கொடை. மின்கம்பியிலிருந்துதான் தீ பற்றியது என்று விசாரணையில் வந்ததால் மின் நிறுவனத்திடம் நட்டஈடு கேட்டு வழக்கும் பேரமும் நடந்தன. நீங்கள் பார்த்த அட்டவணையில் இந்த இரண்டுமே இருக்காது.

இத்தனை சொன்னபிறகு உங்களுக்கு ஒரு கேள்வி வரும்: இவ்வளவு இறுக்கமாக அளந்தால் அட்டவணையில் எப்படி மில்லியன் கணக்கில் வருகிறது? பெரும்பாலான மேய்ச்சல் கவுண்டிகளில் அதற்கு விடை வறட்சி. நான் மேலே சொன்ன எல்எஃப்பி, தீக்கு உதவாத அதே திட்டம், வறட்சிக்கு வாரி வழங்கும்.

அது வேலை செய்கிற விதமே வேறு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் மத்திய விவசாய, வானிலைத் துறைகளும் சேர்ந்து 1999 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு வறட்சி வரைபடம் வெளியிடுகின்றன. மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை, நிறம் ஏற ஏற வறட்சி கடுமை; டி-0 முதல் டி-4 வரை என்று அதற்குப் பெயர். மேய்ச்சல் பருவத்தில் உன் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி தொடர்ந்து எட்டு வாரம் டி-2 நிறத்தில் இருந்தால் ஒரு மாதத் தீவனக் கணக்கு. ஒரே ஒரு வாரம் டி-3 ஆனாலும் மூன்று மாதக் கணக்கு. டி-3 நான்கு வாரம் நீடித்தாலோ டி-4 எட்டிவிட்டாலோ நான்கு. டி-4 நான்கு வாரம் நின்றால் ஐந்து. மாதக் கணக்கு என்பது தீவனச் செலவாகக் கணக்கிட்ட தொகையில் 60 சதவீதம். 2024 வரை இருந்த விதி இது. 2025 சட்டம் டி-2 வரம்பை இன்னும் தளர்த்தி, நான்கு வாரத்துக்கே ஒரு மாதம் என்று ஆக்கிவிட்டது.

“ஏதாவது ஒரு பகுதி” என்ற சொல்லைக் கவனியுங்கள். கவுண்டியின் தென்மேற்கு மூலையில் சிவப்பு தொட்டால் வடகிழக்கில் மழை பெய்து புல் முழங்காலளவு நிற்கிறவருக்கும் பணம் உண்டு. கவுண்டி எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே காய்ந்த புல்லில் மாடு நிற்கிறவருக்கு, அவருடைய கவுண்டி சிவப்பாகாததால் ஒன்றும் இல்லை. நடுவில் ஓடுவது ஒரு மண் சாலை. நட்டத்தை நிரூபிக்கத் தேவையும் கிடையாது. எத்தனை மாடு, எத்தனை ஏக்கர், குத்தகைச் சீட்டு இருந்தால் போதும். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 1,25,000 டாலர் என்று ஒரு வரம்பு இருக்கிறது. எல்ஐபிக்கும் இலாப்புக்கும் அந்த வரம்பு இல்லை.

இதில் என் மனக்குறையை மறைக்க மாட்டேன். வறட்சி உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011-இல் டெக்சஸ் ஒரே வருடத்தில் 762 கோடி டாலர் விவசாயத்தை வறட்சியில் இழந்தது. மந்தை மந்தையாக விற்றுவிட்டுத் தொழிலை விட்டவர்கள் இன்னும் இங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் வரைபடம் சிவந்தால் கேள்வி இல்லாமல் பணம் தரும் அதே சட்டம், எரிந்த மாட்டின் காதுவில்லை எங்கே என்று கேட்கிறது. வரைபடத்தை வைத்துப் பணம் தர முடிகிற அரசுக்கு, தீ எல்லையின் வரைபடத்தையும் வைத்துத் தர முடியும். செயற்கைக்கோள் படத்தில் எந்த ஏக்கர் எரிந்தது என்பது மறுநாளே தெரிகிறது. குறைந்தது புல்லுக்கும் வேலிக்கும் அதை வைத்துப் பணம் அனுப்பிவிட்டு, மாட்டுக்கு மட்டும் தாள் கேட்கலாம்.

இப்படி ஒரு சட்டம் இருப்பதே பெரிது என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் உண்டு, தெற்கு டகோட்டாவிலிருந்து இங்கே மாடு ஓட்டி வந்தவர். இந்தத் திட்டங்களெல்லாம் 2008 பண்ணைச் சட்டத்தில் பிறந்து 2011 செப்டம்பரோடு காலாவதியாகின. புதிய சட்டம் வராமல் காங்கிரஸ் இழுத்தடித்தது. 2013 அக்டோபர் 3 முதல் 5 வரை மேற்குத் தெற்கு டகோட்டாவில் அட்லஸ் என்று பெயரிட்ட பனிப்புயல். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில், குளிர்காலத்து உரோமம் வளராத உடம்போடு நின்றன. முதலில் மணிக்கணக்கில் மழை பெய்து தோல்வரை நனைத்தது, அதன்மேல் பனி, அதன்மேல் காற்று. காற்றுக்கு முதுகு காட்டி நடந்து நடந்து ஓடைகளிலும் வேலி மூலைகளிலும் பல ஆயிரம் மாடு விறைத்துக் கிடந்தன. செத்த மாட்டுக்குத் திட்டம் கிடையாது. இழப்பைப் பதிந்து வைக்கலாம் என்று போனால், அக்டோபர் 1 முதல் மத்திய அரசே பணமில்லாமல் கதவடைத்திருந்தது. பண்ணைச் சேவை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. “நீங்களே எண்ணி, படம் எடுத்து, யாரையாவது சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். நான்கு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 7 அன்று வந்த பண்ணைச் சட்டம் இந்தத் திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் வரை பின்தேதியும் கொடுத்தது. எண்ணி வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது.

நிரந்தரத் திட்டத்துக்கு மேல், அவ்வப்போது காங்கிரஸ் தனியாக ஒதுக்கும் பணமும் உண்டு. 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம் 2023, 2024 பேரிடர்களுக்காக விவசாயத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் வைத்தது. அதில் கால்நடைக்கு 200 கோடி. தீ நடந்தது பிப்ரவரியில், சட்டம் வந்தது டிசம்பரில், விண்ணப்பம் வாங்கியது 2025-இல். அதாவது 2024 தீக்கான பணத்தின் ஒரு பகுதி அட்டவணையில் அடுத்த வருடத்துக் கணக்கில் ஏறும். வருட வாரியாகப் பார்த்து “2025-இல் இந்தக் கவுண்டியில் என்ன பேரிடர் வந்தது?” என்று தேடினால் குழம்பித்தான் போவீர்கள்.

வரியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காத, ஆனால் எல்லோரையும் அடிக்கிற விஷயம். இந்த உதவியில் பெரும்பகுதி வருமானமாகக் கணக்கில் வரும். சொந்த மந்தையில் பிறந்து வளர்ந்த மாட்டுக்கு வரிக்கணக்கில் அடக்கவிலை பூஜ்யம், ஏனென்றால் அதற்குப் போட்ட தீவனத்தை வருடா வருடம் செலவாகக் காட்டிக் கழித்தாகிவிட்டது. அதனால் செத்த மாட்டை நட்டமாக எழுத முடியாது; அதற்காக வந்த இழப்பீட்டை மட்டும் வருமானமாக எழுத வேண்டும். குறித்த காலத்துக்குள் மாற்று மாடு வாங்கினால் அந்த வரியைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. வயதானவர்கள் திரும்ப வாங்குவதில்லை. அவர்களுக்குத்தான் இது வலிக்கிறது.

ஆக, உங்கள் அட்டவணையை எப்படிப் படிப்பது? கூட்டுத்தொகையை விட்டுவிட்டுத் திட்டத்தின் பெயரைப் பாருங்கள். எல்எஃப்பி என்று பெரிய எண் இருந்தால் அந்தக் கவுண்டியில் வரைபடம் சிவந்தது என்று பொருள். யாருக்கு எவ்வளவு வலித்தது என்பதை அது சொல்லாது. எல்ஐபி, இலாப் என்று இருந்தால் யாரோ ஒருவர் படமும் சீட்டும் வைத்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். இசிபி என்றால் வேலி அல்லது அதுபோன்ற நிலச் சீரமைப்பு, அதுவும் அவர் தன் பங்கைப் போட்டு வேலையை முடித்த பிறகு வந்தது. பெயர்ப்பட்டியலில் ஒரு குடும்பம் இரண்டு மூன்று பெயரில் வரும். அப்பா, மகன், கூட்டு நிறுவனம். குத்தகைக்கு மேய்க்கிறவருக்கு எல்எஃப்பி உண்டு, நிலக்காரருக்குக் கிடையாது. வாய்ப்பேச்சாகக் குத்தகை எடுத்தவர், எழுத்துச் சீட்டு இல்லாததால், எல்எஃப்பி பட்டியலில் வராமலே போயிருக்கலாம்.

உங்கள் உறவினரோ நண்பரோ இந்தப் பக்கம் மாடு வைத்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள்: வருடத்தின் இழப்புக்கு அடுத்த வருடம் பிறந்து 60 நாளுக்குள் எல்ஐபி, இலாப் விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு முன், தீ எதுவும் இல்லாத இந்த வாரத்திலேயே, மந்தையை ஒருமுறை எண்ணி, வேலியோரம் நடந்து படம் எடுத்து, ஒரு பிரதியை ஊருக்குள் வேறொருவர் வீட்டில் வைக்கட்டும். சிவப்பு நோட்டுக்காரர் இப்போது அதைத்தான் செய்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவருடைய நோட்டின் பக்கங்கள் படமாக என் தொலைபேசிக்கு வந்துவிடும். போன மாதம் நாற்பத்தொரு வரி இருந்தது.